வெறுங்கையோடு வரச் சொன்னவள்

கணவனின் கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள் காளியாயி. துணிக்கிழிசல் ஈரத்தில் விறைத்திருந்ததால் முடிச்சு விழவில்லை. குனிந்து பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள்.

"மெல்லக்கா, வலிக்கப் போவுது" என்று பழக்கத்தில் சொல்லிவிட்டுப் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் ராசம்மா வாயைப் பொத்திக்கொண்டாள்.

காளியாயி அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. தாடைக்கட்டு சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தாள். பாரிசவாதம் இழுத்துக்கொண்டுபோன வாய், செத்த பிறகும் நேராகவில்லை. பொன்னையா யாரையோ பார்த்து நக்கலாகச் சிரிக்கிற மாதிரியே கிடந்தான். விடிந்து கொஞ்ச நேரந்தான் ஆகியிருந்தது. மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகிற பெண்கள் கூடையை இஸ்தோப்புத் திண்ணையில் இறக்கிவைத்துவிட்டு உள்ளே வந்து முகத்தைப் பார்த்து, மூக்கைச் சிந்திக்கொண்டு வெளியேறினார்கள்.

தோட்டத்துச் சங்கத் தலைவர் செல்லசாமி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி நிலைப்படியில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஆபீஸ்ல சொல்லிட்டேன். ஸ்டோர்ல இருந்து பலகை குடுக்குறாங்க. ஆனா நம்ம தோட்டத்து தச்சு பாஸ் மக வீட்டுக்கு பதுளைக்குப் போயிருக்காரு. பொட்டி அடிக்க ஆளில்ல. கொட்டகலை பஜார்ல தச்சு வேலை பாக்குறவங்க யாரையாவது கேட்டுப் பாக்கவா?"

"எங்கண்ணனுக்கு ஆள் அனுப்புங்க தலைவரே. அவரு அடிப்பாரு."

"அதுவும் சரிதான். சாமான எடுத்துக்கிட்டு வரச் சொல்லிடுறேன்."

"வேணாம். வெறுங்கையோட வரச் சொல்லுங்க. சாமானெல்லாம் இங்கேயே இருக்குன்னு சொல்லுங்க."

செல்லசாமி காம்பராவைச் சுற்றிப் பார்த்தார். "இங்க ஏதும்மா தச்சுச் சாமான்?"

காளியாயி முடிச்சில் மிஞ்சிய துணியைப் பிய்த்தெடுத்தாள்.

"இருக்கு" என்றாள்.

அவளுடைய அண்ணன் சின்னராசா ஒரு காலத்தில் கினிகத்தேனையில் பட்டறை வைத்திருந்தவன். மெயின் ரோட்டுப் பக்கம் பார்த்த கடை. பின்னால் தகரக் கொட்டகை. தமிழர் சிங்களவர் என்றில்லாமல் எல்லாரும் அவனை "ராசா பாஸ்" என்றுதான் கூப்பிட்டார்கள். எழுபத்தேழாம் வருஷக் கலவரத்தில் கடை எரிந்தது. பக்கத்துத் தேத்தண்ணிக் கடைக்காரன் பியதாச, அவனையும் பெண்டாட்டி பிள்ளைகளையும் தன் வீட்டு அடுப்படியில் ஒளித்துவைத்துக் காப்பாற்றினான். ஊர் அடங்கிய பிறகு லொறியில் ஏற்றித் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பியதும் அவன்தான்.

பொன்னையா தோட்டத்து லொறியில் ஏற்றி இறக்கும் வேலை செய்கிற ஆள். அடுத்த வாரம் அந்தப் பக்கம் லொறி போனபோது இறங்கிப் பார்த்துவிட்டு வந்தான். இந்தக் காம்பராவில்தான், இதே இடத்தில் குந்தியிருந்த சின்னராசாவிடம், "எல்லாம் சாம்பல் மச்சான். ஒரு ஆணி மிச்சமில்ல" என்று சொல்லித் தோளில் கைவைத்தான்.

சின்னராசாவுக்கு மனசு ஆறவில்லை. பிறகொரு நாள் அவனே போய்ப் பார்த்தான். கடைதான் எரிந்திருந்தது, தகரக் கொட்டகை எரியவில்லை. கொட்டகைக்குள் இருந்த சாமான் பெட்டியைக் காணவில்லை. சந்தேகத்துக்குக் கடைச் சாம்பலையும் கிண்டினான். மரப்பிடி எரியும், இரும்பு எங்கே போகும்? ஒரு உளியின் துண்டுகூடக் கிடைக்கவில்லை. அப்படியானால் யாரோ தூக்கியிருக்கிறார்கள். கொட்டகைக்குள் பெட்டி இருப்பது பக்கத்துக் கடைக்காரனுக்குத் தெரியும். சின்னராசா நேரே பியதாசவின் கடைக்குப் போய், சனம் நிறைந்திருந்த நேரத்தில், "பிள்ளைகளைக் காப்பாற்றினது இதுக்குத்தானா?" என்று சிங்களத்தில் கேட்டான். பியதாச ஊற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டான்.

அதன்பிறகு சின்னராசா கினிகத்தேனைப் பக்கம் தலைவைக்கவில்லை. பூண்டுலோயாவில் பெண்டாட்டியின் சொந்தங்கள் இருந்த தோட்டத்துக்குப் போய்ப் புல்லு வெட்டும் கூலி வேலைக்குப் பேர் பதிந்தான். வேலை விட்டு வந்த பிறகு லயத்துக்குப் பின்னால் ஒரு பலகையைப் போட்டு உட்கார்ந்து, கால் போன பெஞ்சு, கதவு, தொட்டில் என்று கிடைத்ததைச் செய்தான். கையில் இருந்தது ஒரு சுத்தியலும் பல் போன ரம்பமும்.

"ஒங்க அண்ணன் பாஸ் இப்ப புல்லு வெட்டுறாராம்ல" என்று பொன்னையா சோற்றைப் பிசைந்துகொண்டே சொல்வான். ஒவ்வொரு பண்டிகைக்கும் சொல்வான். கலியாணமான புதிதில் அவன் சின்னராசாவிடம் கூட்டுச் சேரக் கேட்டிருந்தான். "மொதல்ல ஒரு வருஷம் வந்து ரம்பம் புடிச்சுப் பழகுங்க மச்சான்" என்று கிடைத்த பதிலை அவன் மறக்கவே இல்லை. சாமான் இருந்தால் யாரும் பாஸ் ஆகலாம் என்பது அவன் நினைப்பு. "நானும் ஒரு நாளைக்கி வீட்டோட ஒரு பட்டறை போடத்தான் போறேன்" என்பான். காளியாயி அதை வெறும் பேச்சாகத்தான் எடுத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் ஆடி மாசத்தில் அவன் குளிக்கப் போன பீலியடியில் விழுந்தான். ஒரு பக்கம் கையும் காலும் போயின, பேச்சும் போனது. அவனுக்குப் போர்த்தக் கம்பளி தேடித்தான் காளியாயி பரணில் ஏறினாள். அதுவரை அவளை ஏறவிட்டதில்லை. "எலி கிடக்கு, பூரான் கிடக்கு" என்று அவனே ஏறி இறங்குவான். கிழிந்த லொறிப் படங்குத் துணிக்கு அடியில் அண்ணனின் சாமான் பெட்டி இருந்தது.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் உளிப்பிடியில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அண்ணன் சுட்டுவைத்த அந்த இரண்டு எழுத்தும் எப்படி இருக்கும் என்று தெரியும். ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கிவந்து கணவனின் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் பார்த்தான். ஒரு கண் மட்டும் கலங்கி வழிந்தது.

"அழுவாத" என்றாள். அவனிடம் ஒருமையில் பேசியது அன்றுதான் முதல் தடவை. "இப்ப ஒண்ணும் கேக்க மாட்டேன். ஒன்னால பதில் சொல்ல முடியாது. நாலு செவுத்துக்குள்ள கேட்டு என்ன? நீ போற அன்னைக்கி ஊர் வரும்ல, அப்ப எறக்குறேன்."

உளியைப் பெட்டியில் திரும்ப வைத்தாள். கஞ்சி காய்ச்சி ஊட்டினாள். வாயோரத்தில் வழிந்ததைத் துடைத்தாள். பீயள்ளிப் போட்டாள், புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்தாள். ஒரு குறையும் வைக்கவில்லை. ஒவ்வொரு வாய்க் கஞ்சிக்கும் நிமிர்ந்து பரணைப் பார்த்தாள். அவன் கண்ணும் கூடவே போய்த் திரும்புவதைப் பார்த்தாள். லயத்துச் சனங்கள், புருஷனைப் பார்த்துக்கொண்டால் இப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள்.

புரட்டாசியில் சின்னராசா வந்தான். தோடம்பழம் வாங்கிவந்திருந்தான். கட்டிலில் உட்கார்ந்து, விளங்காத அந்தக் காலைத் தன் மடிமேல் எடுத்துவைத்து, எண்ணெய் போட்டுத் தேய்த்து வெகுநேரம் அமுக்கிவிட்டான். அவன் தலைக்கு நேர் மேலே பரண். பொன்னையாவின் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது.

"சும்மா இருங்க மச்சான், எல்லாம் சொகமாயிரும்" என்றான் சின்னராசா.

காளியாயி அடுப்படிக் கதவில் சாய்ந்து நின்று பார்த்தாள். அவ்வளவு நிம்மதி அவளுக்கு அந்த வீட்டில் அதற்கு முன் கிடைத்ததில்லை.

ஆள் போய்ச் சொன்னதும், உச்சி நேரத்துக்குச் சற்று முன்னால் சின்னராசா சாவு வீட்டுக்கு வந்து சேர்ந்தான். அக்குளில் பிறந்த வீட்டுக் கோடிச் சேலைப் பொட்டலம், வேறொன்றும் இல்லை. மச்சானின் காலடியில் கொஞ்ச நேரம் நின்றான். தங்கையைப் பார்த்து அழுதான். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய், சுவரில் சாய்த்திருந்த பலகைகளைத் தட்டிப் பார்த்தான்.

"மழைக்கு முன்னுக்க எடுத்துறணும். சாமான் இருக்குன்னாங்களே, எங்க?"

காளியாயி எழுந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. ராசம்மா பிடித்த கையை விலக்கிவிட்டு, கட்டில் சட்டத்தில் கால்வைத்துப் பரணில் ஏறினாள். புருஷன் கீழே கிடக்கும்போது பெண்டாட்டி பரணேறுவதைக் கண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்த பெண்கள் வாயடைத்துப் போனார்கள். பெட்டியை விளிம்புவரை இழுத்துத் தள்ளினாள். ராசம்மாவின் புருஷன் ஓடிவந்து தாங்கி இறக்கினான்.

அவளே அதை வாசலுக்கு இழுத்துப்போனாள். சாக்கை விரித்து ஒவ்வொன்றாக எடுத்துவைத்தாள். இழைப்புளிகள், சின்னதும் பெரியதுமாக. உளிகள். ரம்பம். சட்ட ரம்பம். துறப்பணம். மூலைமட்டம். ஒவ்வொன்றின் பிடியையும் சனத்தின் பக்கம் திருப்பிவைத்தாள். தப்படித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"படிச்சவங்க யாராச்சும் வந்து படிங்க. என்ன எழுதியிருக்கு?"

செல்லசாமி குனிந்து ஒரு உளியை எடுத்தார். "சி... ரா" என்று வாசித்துவிட்டு அதை உடனே கீழே வைத்தார்.

"எங்கண்ணன் சாமான். எல்லாம் சாம்பல், ஒரு ஆணி மிச்சமில்லன்னு உள்ள படுத்திருக்க ஆளு சொன்னாரே, அந்தச் சாமான். அஞ்சு வருஷமா எந்தலைக்கு மேல இருந்துச்சு. மச்சானோட பட்டறைய முடிச்சிட்டு, அவரு புல்லு வெட்டுறத சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு. எல்லாரும் பாத்துக்குங்க. பாத்துட்டு அப்புறம் தூக்குங்க."

பொன்னையாவின் தம்பி வீரய்யா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான். "செத்தவன வச்சிக்கிட்டு என்ன பேச்சு இது மதினி? உசுரோட இருக்கையில பேசியிருக்கணும்."

"உசுரோட இருந்தா ஒங்கண்ணன் பொய் சொல்லுவாரு. இப்பத்தான் வாயக் கட்டியிருக்கேன்."

வீரய்யாவுக்கு முகம் கறுத்தது. யாரும் அவன் பக்கம் பேசவில்லை. பெண்கள் ஒருத்தி காதில் ஒருத்தி குசுகுசுத்தார்கள். யாரோ கட்டில் பக்கம் எட்டிப் பார்த்துக் காறித் துப்பப் போய், சாவு வீடென்று நினைத்து விழுங்கிக்கொண்டார்கள். காளியாயிக்கு நெஞ்சுக்குள் குளிர்ந்தது. நினைத்தது நினைத்தபடி நடந்துவிட்டது. இனி அண்ணன் என்ன செய்வான் என்று அவன் பக்கம் திரும்பினாள்.

சின்னராசா சாக்கின் ஓரத்தில் குந்தியிருந்தான். எதையும் தொடவில்லை.

"எப்ப இருந்து ஒனக்குத் தெரியும்?"

"ஆடியில இருந்து."

"நான் வந்தேனே, புரட்டாசியில. அன்னைக்கி மேல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"ஒனக்குத் தெரியும்."

அவள் அவிழ்ந்து கிடந்த முடியைக் கையால் ஒதுக்கினாள்.

"நான் அவன் கால எம்மடியில வச்சு அமுக்குனேன். நீ பாத்துக்கிட்டு நின்ன." சின்னராசாவின் குரல் உயரவில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்கு மட்டுந்தான் கேட்டது. "அன்னைக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவன் மூஞ்சியப் பாத்து நான் கேட்டிருப்பேன்ல."

"கேட்டு என்னண்ணே? பேச்சே இல்லாத ஆளு. ஒத்துக்கவா போறாரு?"

"ஒத்துக்க வேணாம். இல்லன்னு தலையாட்டட்டும். பொய்யாவது சொல்லட்டும். அதையாவது பாத்திருப்பேன். எல்லாத்தையும் நீ ஒருத்தியே பாத்துக்கிட்ட. எனக்குப் பொணத்தக் காட்டுற."

காளியாயி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவன் அவளைப் பார்க்காமல், தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"பியதாசகிட்ட கேட்டேன். அவ்வளவு சனத்துக்கு முன்னால, எம்புள்ளைகளுக்குச் சோறு போட்ட மனுசன்கிட்ட."

அவன் எழுந்து போய்விடுவான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். செல்லசாமி வந்து, "விடுங்க தம்பி, நான் பஜாருக்கு ஆள் விடுறேன்" என்றார். சின்னராசா தலையாட்டி மறுத்துவிட்டுச் சாமான்களின்மேல் கையை ஓட்டினான். ரம்பத்தை எடுத்துப் பல்லை விரலால் தடவினான். சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்து இழைப்புளியின் அலகைக் கழற்றித் தீட்டினான். அஞ்சு வருஷத்துத் துரு செம்மண் குழம்பாக வழிந்து ஓடியது. கட்டைவிரல் நகத்தில் வைத்துக் கூர் பார்த்தான். பிறகு பலகையை அளந்தான்.

அவன் வேலை செய்ததை லயமே நின்று பார்த்தது. தொடக்கத்தில் கை தடுமாறியது. ரம்பம் இரண்டு தடவை கோட்டை விட்டு விலகியது. மூன்றாவது பலகையிலிருந்து விலகவில்லை. இழைப்புளியைத் தள்ளியபோது மரம் ரிப்பன் ரிப்பனாகச் சுருண்டு விழுந்தது. மூலைகளை உளியால் வெட்டிப் பொருத்தினான். ஆணி அடித்தாலே போதும். மண்ணுக்குள் போகிற பெட்டிக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. வெளிப்பக்கம் முடிந்ததும் பெட்டியைத் திருப்பி உள்பக்கத்தையும் இழைக்கத் தொடங்கினான்.

காளியாயியால் பொறுக்கமுடியவில்லை. கிட்டே போனாள்.

"அந்த ஆளுக்கு எதுக்குண்ணே உள்ள எல்லாம்? செராய் குத்தினாத்தான் என்ன?"

"இது அவனுக்கில்ல." கையை நிறுத்தாமலே சொன்னான். "எனக்குக் கை இருக்கா போயிருச்சான்னு பாக்குறேன்."

அவன் குனிந்திருந்த முதுகையே பார்த்துக்கொண்டு அவள் நின்றாள். ராசம்மா வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

பெட்டியில் வைக்கும்போது பொன்னையா இடுக்கில்லாமல் சரியாக அடங்கினான். பிள்ளை இல்லாததால் வீரய்யாவின் மகன் கொள்ளிச்சட்டி தூக்கினான். தப்புச் சத்தம் லயத்துக்குக் கீழே இறங்கி, மலையைச் சுற்றிப் புதைகுழிப் பக்கம் போய் அடங்கிற்று. பெண்கள் வீட்டைக் கழுவினார்கள். வாசலில் சுருள் சுருளாகக் கிடந்த மரச்சீவல்களை ராசம்மா அள்ளி, தண்ணீர் காய்ச்சும் அடுப்பில் போட்டாள். சாமான்களை யாரும் தொடவில்லை. நடப்பவர்கள் சாக்கைச் சுற்றிக்கொண்டு நடந்தார்கள்.

பீலியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு ஆண்கள் திரும்பினார்கள். சின்னராசா நேரே சாமான் கிடந்த சாக்கின் அருகே வந்தான். ராசம்மாவிடம் ஒரு பழைய சாக்குக் கேட்டு வாங்கினான். ரம்பத்தை எடுத்தான். நடுத்தர இழைப்புளி ஒன்று. அகலத்தில் ஒரு உளி, குறுகலில் ஒரு உளி. மூலைமட்டம். சாணைக்கல். இவற்றைத் துடைத்துச் சாக்கில் போட்டான். பெரிய இழைப்புளியைத் தூக்கி எடை பார்த்துத் திரும்ப வைத்தான். சுத்தியலைத் தொட்டான், எடுக்கவில்லை.

"எல்லாம் ஒங்களோடதுதானே அண்ணே, எடுத்துக்கிட்டுப் போங்க" என்றாள் காளியாயி. அவள் குரல் அவளுக்கே கெஞ்சுவதுபோலக் கேட்டது.

"அதெல்லாம் கடைக்கு. எனக்கு இப்ப கடையா இருக்கு? வீட்டுக்குப் பின்னால குந்திச் செய்யிறவனுக்கு இவ்வளவு போதும். சுத்தியல் இருக்கு. எது இல்லாம முடியாதுன்னு இந்த அஞ்சு வருஷத்துல தெரிஞ்சு போச்சு."

"அப்ப மிச்சத்த?"

அவன் சாக்கின் வாயைக் கட்டினான்.

"கெடக்கட்டும். ஊர் பாக்கணும்னுதானே எறக்குன. வர்றவங்க போறவங்க பாக்கட்டும்."

கோடிச் சேலைப் பொட்டலத்தை எடுத்து ராசம்மாவின் கையில் கொடுத்தான். "நீ போத்தி விட்ரும்மா" என்றான். ராசம்மா அவனையும் காளியாயியையும் மாறி மாறிப் பார்த்தாள். அண்ணன் கையால் போர்த்த வேண்டியது அது. அவன் அதற்குள் சாக்கைத் தோளில் ஏற்றிக்கொண்டு படியிறங்கியிருந்தான்.

சாவு வீட்டில் போய்ட்டு வர்றேன் என்று சொல்லக் கூடாது. எல்லாருந்தான் சொல்லாமல் போனார்கள். சின்னராசாவும் சொல்லவில்லை.

புதுச் சேலை தோளிலிருந்து நழுவுவதைப் பிடித்துக்கொண்டு காளியாயி இஸ்தோப்புத் தூணருகே நின்றாள். தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப்பாதை அங்கிருந்து மெயின் ரோடுவரை தெரியும். தூறல் பிடித்துவிட்டது. வாசலில் விரித்துக்கிடந்த இரும்பின்மேல் துளிகள் விழுந்து நின்றன.

"உள்ள எடுத்து வச்சிறவா அக்கா?" என்று கேட்டாள் ராசம்மா.

காளியாயி தூணை விட்டு நகரவில்லை. கீழே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூண்டுலோயாவுக்குப் போகிறவர்கள் தலவாக்கலை பஸ்ஸுக்காக ரோட்டின் இந்தப் பக்கத்தில்தான் நிற்பார்கள். சின்னராசா அங்கே நிற்கவில்லை. ரோட்டைக் கடந்து, அட்டன் வழியாகப் பியதாச இருக்கும் கினிகத்தேனைக்குப் போகிற பஸ் வரும் பக்கத்தில் போய் நின்றான். மழை வலுத்தது. அவன் தலையில் போட்டிருந்த துண்டை எடுத்துத் தோளிலிருந்த சாக்கின்மேல் சுற்றிவிட்டு, வெறுந்தலையோடு நின்றுகொண்டிருந்தான்.